தலைமேல் ஏற்றிய சுமை

நம் தமிழ்த்துறை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று துறைத்தலைவர் அவர்கள் அன்புடன் மடல் விடுத்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்னும் திகைப்பே எனக்கு முதலில் எழுந்தது. என்னுடன் பயின்ற தோழர்களுள் பலர் இன்று பேராசிரியர்கள், சிலர் நூலாசிரியர்கள். நானோ 1991இல் இளங்கலைத் தமிழை முடித்து, 1994இல் ஓமன் நாட்டிற்குக் கப்பலேறாமல் வானேறிச் சென்று, இருபத்திரண்டு ஆண்டுகள் பாலைநில முகாம்களில் பண்டகக் காப்பாளனாகக் காலங்கழித்துத் திரும்பியவன். கற்ற இலக்கணத்திற் பாதி மறந்துவிட்டது. மறவாமல் எஞ்சியிருப்பது ஒரு தொழில் அறிவு. நான்கு சக்கரங்களும் சேர்ந்திழுக்கும் வண்டியின் கூரைமேல் இரும்புக் கேரியரைப் பூட்டி, சாலையே இல்லாத நிலத்தில் அது கழன்று வீழாமற் காப்பது எப்படி என்பதே அது.

இலக்கிய மலரில் இதற்கென்ன இடம் என்று ஆன்றோர் சினவாதிருக்க வேண்டுகிறேன். இந்தப் பொருளுக்குள் நான் சொன்ன ஒரு பொய் புதைந்து கிடக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமாயின் கேரியரைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும்.

திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தை எங்களுக்கு நடத்திய பேராசிரியப் பெருந்தகை, மயிலிறகை அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சே முறியும் என்னும் கருத்துடைய குறளைப் பிறிதுமொழிதல் அணிக்கு எடுத்துக்காட்டாக விளக்குவார். சொல்ல வந்த பொருளை மறைத்து உவமையை மட்டும் சொல்வது அவ்வணியின் இயல்பு. நாங்கள் தேர்வுக்காக அதை மனனம் செய்தோம். உவமைக்குள் உள்ள வண்டியைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. எனக்கு வாழ்க்கை அமைந்த விதம், மறைந்திருக்கும் பொருளை விட்டுவிட்டு வண்டியைப் பற்றியே நினைக்கும்படி ஆயிற்று.

சுமையைக் கூரைமேல் ஏற்றுவது நமக்குப் புதிதன்று. என் இளமைக் காலத்தில் ஊர்ப் பேருந்துகளின் பின்புறம் ஓர் இரும்பு ஏணி இருக்கும். மேலே கேரியர் இருக்கும். வாழைத்தார், கோழிக்கூடு, புதுமணப்பெண்ணின் சீர்வரிசைப் பெட்டி யாவும் அதில் ஏறும். கயிற்றை இழுத்து முடிச்சிட்டு, கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். அந்தத் தட்டு இன்னும் என் காதில் கேட்கிறது. தார்ச்சாலைக்கு அது போதுமானது. தார்ச்சாலை முடியும் இடத்தில் அது போதாது என்பதை அறிய நான் கடல் கடக்க வேண்டியிருந்தது.

ஓமனின் கிழக்குப் பகுதியில் வஹீபா மணல் என்று பெயர்பெற்ற ஒரு பாலைவெளி உண்டு. இப்பொழுது ஷர்கிய்யா மணல் என்று வழங்குகிறார்கள். ஏறத்தாழ 12,500 சதுர கிலோமீட்டர் பரப்பு. வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மணல் முகடுகளுள் சில 100 மீட்டர் வரை உயரும். இலண்டன் அரச புவியியல் கழகத்தார் 1985 முதல் 1987 வரை இதனை விரிவாக ஆய்ந்தனர். அம்மணலின் கிழக்கு ஓரத்தில் காஃப் என்று அரபியர் அழைக்கும் மரங்கள் காடாகச் செறிந்து நிற்கின்றன. அந்த மரத்தை முதன்முதலிற் கண்டபோது நான் துள்ளிக் குதித்தேன். நம் நாட்டு வன்னி மரமே அது! கோயில் வாசல்களில் நிற்கும் அதே வன்னி அங்கே ஒட்டகத்திற்கு நிழலும் தழையும் தந்துகொண்டு நின்றது. நிலத்தடி நீரை ஆராயும் குழு ஒன்றுக்கு அவ்வன்னி நிழலில் முகாம் அமைத்திருந்தார்கள். அம்முகாமுக்கு வேண்டிய அரிசி, கூடாரம், கட்டில், தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டு சேர்ப்பது என் பணி.

எங்கள் வண்டி டொயோட்டா லேண்ட் குரூசர், 70 வரிசை. 1984இல் முதன்முதல் வெளிவந்த அவ்வரிசை வளைகுடாப் பாலையில் ஒட்டகத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்றால் மிகையாகாது. அதன் கூரையின் இருபுறமும் மழைநீர் வடிவதற்கென்று தகட்டை மடித்து விளிம்பு அமைத்திருப்பார்கள். மழையே காணாத நாட்டில் அம்மடிப்புக்கு என்ன வேலை? கேரியரின் கால்களைக் கவ்விப்பிடிக்க அது இடந்தருகிறது. ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு கிளாம்பு. அதை அம்மடிப்பில் மாட்டி, 8 மில்லிமீட்டர் போல்ட்டால் இறுக்குவார்கள். அந்த போல்ட்டுக்கு 13ஆம் எண் ஸ்பேனர் பொருந்தும். இந்த எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன், பின்னால் வரும்.

1998ஆம் ஆண்டு பிப்ரவரியில் பழைய கேரியர் துருப்பிடித்துப்போனதால் பணிமனை ஒன்றில் புதிதாக ஒன்று செய்வித்தோம். இரும்புக் குழாயால் ஆனது, ஆறு கால்கள். அதன் எடை மட்டுமே 50 கிலோவுக்குக் குறையாது. கூரையின் தாங்குதிறன் என்பது கேரியரின் எடையையும் சேர்த்தே என்பதை அன்று நான் அறியேன். வெறுங்கேரியரிலேயே பங்கில் ஒரு பகுதி தீர்ந்துபோகும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் ஓட்டுநர் அம்மணலின் ஓரத்துச் சிற்றூரிற் பிறந்த பெரியவர். அவரை நாங்கள் எல்லோரும் "அம்மி" என்றே அழைப்போம். சிறிய தந்தையை, பெரிய தந்தையை அழைக்கும் அரபுச் சொல் அது. அவர் என்னை "வலதி", அதாவது மகனே என்பார். எழுத்தறிவு மிகுதியாக இல்லாதவர். ஆயினும் வண்டியின் ஒவ்வோர் ஒலிக்கும் பொருள் சொல்வார். புதிய கேரியரை நான் என் முழு வலிமையையும் திரட்டி முறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "போதும் வலதி. தகடு கசங்குகிறது. கசங்கிய தகடு மேலும் கசங்கும், நட்டு தானே தளரும்" என்றார். கிளாம்புக்கும் மடிப்புக்கும் இடையே நான் தடித்த ரப்பர்த் துண்டுகளை வைத்திருந்தேன். அவற்றையும் எடுத்தெறிந்தார். வெயிலில் ரப்பர் நசுங்கி ஒடுங்கிவிட்டால், இறுக்கியது அத்தனையும் வீண் என்றார். பிறகு சிறிய டப்பா ஒன்றைத் திறந்து, மெல்லிய குச்சியால் சிவப்பு வண்ணத்தைத் தொட்டு, ஆறு கால்களிலும் போல்ட்டின் முனையிலிருந்து நட்டின் மேலாகக் கிளாம்பு வரை ஒரே நேர்கோடு இழுத்தார். நட்டு அணுவளவு திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இறுதியில் ஒரு 13ஆம் எண் ஸ்பேனரைத் துணியிற் சுற்றி, தமக்கே உரிய ஒரு முடிச்சிட்டு என்னிடம் தந்தார். சரளைச் சாலை முடியும் இடத்தில் மேலே ஏறி ஆறு கால்களையும் பார்க்க வேண்டும் என்பது ஆணை. முகாமுக்கு உதவியாளாய் வந்த கேரளத்து இளைஞர் ஒருவர், அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், "பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்பட்டால் போதாதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு வந்தவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரையைப் பெரியவர் நினைவூட்டினார். இம்மலரின் வாசகர்க்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

சுமையை ஏற்றியவன் நான். கூடாரங்கள், மடக்குக் கட்டில்கள், மணலிற் சிக்கினால் சக்கரத்தின் கீழ் இடும் துளைத் தகடுகள், 20 லிட்டர்த் தண்ணீர்க் கேன்கள் நான்கு, இவற்றின் மேல் ஓர் உபரிச் சக்கரம். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. நான்கு கேன்களே 80 கிலோவைத் தாண்டும். கீழே இடமிருந்தும் கேன்களை மேலே ஏற்றினேன். அரிசி மூட்டை நனைந்துவிடும் என்று அஞ்சினேன். வள்ளுவர் அச்சைப் பற்றிச் சொன்னார்; மேலே ஏற்றிய சுமையால் அச்சு முறியும் முன்பே வண்டி சாயும் என்பது என் எளிய அனுபவம். கனமானது தாழ இருக்க வேண்டும். கனமற்றதும் இடத்தை அடைப்பதுமான பொருளே கூரைக்கு உரியது. அன்று நான் அதை நேர்மாறாகச் செய்திருந்தேன்.

விடியலில் இரு வண்டிகள் புறப்பட்டன. பாலையில் ஒரு வண்டி தனியே செல்லலாகாது என்பது மாறாத விதி. தார்ச்சாலையை விட்டிறங்கி 70 கிலோமீட்டர் சரளைச் சாலை. அச்சாலையின் மேற்பரப்பு, துணி துவைக்கும் பலகையைப் போல் குறுக்கு வரிகளாக அலையலையாய் இருக்கும். அவ்வலைகள் எப்படித் தோன்றுகின்றன என்பதை ஆய்ந்து, பிரான்சு, கனடா, இங்கிலாந்து நாடுகளைச் சேர்ந்த அறிஞர் மூவர் 2007இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். வட்டமாகச் சுழலும் மணற்பரப்பின் மேல் சாதாரணச் சக்கரம் ஒன்றை உருளவிட்டு, ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியவுடன் அலைகள் தாமே எழுவதைக் கண்டனர். ஓட்டுநரின் பிழையன்று, வண்டியின் பிழையும் அன்று. உதிர் நிலமும் உருளும் சக்கரமும் சேர்ந்தால் அப்படித்தான். அவ்வலைகளின் மேல் மெதுவாகச் சென்றால் எலும்பு கழலும். சற்று விரைந்தால் அலைமுகடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு வண்டி மிதப்பதுபோல் ஓடும். உள்ளே அமர்ந்திருப்பவருக்கு ஆறுதல். கூரைமேல் உள்ள நட்டுகளுக்கு அந்த ஆறுதல் இல்லை. அவை நொடிக்குப் பலமுறை நடுங்கிக்கொண்டேயிருக்கும்.

நடுக்கத்தில் நட்டு ஏன் தளர்கிறது என்பதும் ஆராயப்பட்ட செய்தியே. ஜெர்மனியைச் சேர்ந்த யுங்கர் என்னும் பொறியாளர் 1969இல் வெளியிட்ட ஆய்வில், போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட அதற்குக் குறுக்காக வரும் அசைவே நட்டை விரைந்து கழற்றுகிறது என்று காட்டினார். பிணைத்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை வழுக்கினாற்கூட மரை தன் பிடியை இழந்து பின்னோக்கிச் சுழலத் தொடங்கும். நாம் பெரிதும் நம்பும் ஸ்பிரிங் வாஷர் இவ்வகை அசைவுக்கு முன் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கேரியரின் மேல் உள்ள சுமை முன்னும் பின்னும், வலமும் இடமும் அசைவதெல்லாம் அந்தக் கால்களுக்குக் குறுக்கசைவே. நான் அன்று ஸ்பிரிங் வாஷரைப் போட்டுவிட்டு, இனிக் கவலையில்லை என்று நினைத்திருந்தேன்.

சரளைச் சாலை முடிந்தது. மணலின் வாசலில் வண்டிகளை நிறுத்தினோம். சக்கரங்களின் காற்றைக் குறைத்தால்தான் அவை அகன்று படிந்து மணலில் மூழ்காமற் செல்லும். பெரியவர் மண்டியிட்டு ஒவ்வொரு சக்கரமாகக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார். நான் வண்டி நிழலில் அமர்ந்து ஒரு கடிதம் படித்துக்கொண்டிருந்தேன். அன்று காலை அலுவலகத்தில் கிடைத்த கடிதம். அம்மா சொல்லச்சொல்லப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதியது. தங்கையின் நிக்காஹ் நிச்சயமாகிவிட்டது. ஷவ்வால் பிறையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள். நகைக்கும் விருந்துக்கும் ஆகும் தொகை கடைசி வரியில் இருந்தது. என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட இன்னும் ஒரு திங்கள் இருந்தது.

"மேலே பார்த்தாயா, வலதி?" என்று பெரியவர் நான்காவது சக்கரத்தின் அருகிலிருந்து கேட்டார்.

"பார்த்துவிட்டேன் அம்மி" என்றேன்.

அவ்வளவுதான். எழுந்து, பின்சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறினால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். முறிந்த சிவப்புக் கோடுகளைக் கண் பார்த்திருக்கும். நான் சோம்பலால் பொய் சொன்னேனா, கடிதத்தின் மயக்கத்தில் சொன்னேனா, புதிய நட்டு எங்கே போய்விடும் என்னும் செருக்கில் சொன்னேனா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். மூன்றும் கலந்திருந்தன.

மூன்றாவது முகட்டில் அது நிகழ்ந்தது. காற்றுக்கு மறைவான பக்கத்தில் மணல், தான் சரியாமல் நிற்கக்கூடிய எல்லைவரை செங்குத்தாய் இருக்கும். அச்சரிவு ஏறத்தாழ 33 பாகை. அதில் குறுக்காக இறங்கினால் வண்டி உருளும். மூக்கை நேர்கீழாக வைத்து, தடையை மிதிக்காமல், தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். பெரியவர் அப்படித்தான் இறக்கினார். கேரள இளைஞர் முன்னதாக நடந்து இறங்கி, அடியில் மணல் இறுகியிருக்கிறதா என்று பார்த்து ஓரமாக நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். பாதிச் சரிவில், கூரைமேல் இரும்பு கீறும் ஒலி கேட்டது. அடுத்த நொடி முன்கண்ணாடிக்கு முன்னே வானம் மறைந்தது. முன்கால்கள் இரண்டிலும் நட்டு வழியிலேயே உதிர்ந்துபோயிருக்கிறது, நடுக்கால்கள் தளர்ந்திருக்கின்றன. சுமை முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்த அக்கணத்தில் கேரியர் மடிப்பை விட்டு வழுக்கி, என்ஜின் மூடியின்மேல் இறங்கியது. கட்டிய கயிறுகள் கேரியரோடு சேர்ந்தே வந்தன. சுமையைக் கேரியரோடு எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், கேரியரே வண்டியோடு இல்லாவிடில் என்ன பயன்?

உபரிச் சக்கரம் கயிற்றிலிருந்து நழுவிச் சரிவில் உருண்டது. மணலில் ஒரு சக்கரம் அவ்வளவு விரைந்து உருளும் என்று நான் எண்ணியதில்லை. இளைஞர் விலகினார், சக்கரம் மணலிற் பட்டுத் துள்ளி, அவர் விலகிய பக்கமே திரும்பியது. வலத்தொடையில் மோதியது. அந்த ஒலியை இங்கே எழுத மாட்டேன்.

கூடாரக் கம்பிகளை இருபுறமும் வைத்துப் போர்வையைக் கிழித்துக் காலைக் கட்டினோம். கேரியரை அங்கேயே போட்டுவிட்டு, அவரை இரண்டாவது வண்டியிற் கிடத்திக்கொண்டு திரும்பினோம். மருத்துவமனையை அடைய ஐந்து மணி நேரம். அந்த 70 கிலோமீட்டர் அலைகளின் மேல் ஒவ்வோர் அலைக்கும் அவர் முனகினார். தலையை என் மடியில் வைத்திருந்தார். "இக்கா, வீட்டுக்குச் சொல்ல வேண்டாம்" என்று மட்டும் இருமுறை சொன்னார்.

மூன்றாம் நாள் விசாரணை. முகாம் மேலாளர் பெரியவரைப் பார்த்துக் கேட்டார்: "கேரியரைச் சரிபார்த்தது யார்?" பெரியவர் என் பக்கம் திரும்பவில்லை. "வண்டி என்னுடையது. பொறுப்பும் என்னுடையது" என்றார். அவருடைய ஊதியத்தில் அரைத்திங்கள் பிடித்தார்கள். நான் அவர் அருகிலேயே நின்றிருந்தேன். நாக்கு எழவில்லை. தங்கையின் நிக்காஹ், ஒப்பந்தம், அம்மாவின் கடைசி வரி எல்லாம் என் தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தன என்று சொன்னால் அது உண்மை. அவற்றை வெளியே தள்ளிவிட்டுப் பேசியிருக்கலாம் என்பதும் உண்மை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. தங்கையின் திருமணம் சிறப்பாக நடந்தது. இளைஞர் நான்கு திங்கள் கழித்து, ஊன்றுகோலுடன் கோழிக்கோட்டுக்கு விமானமேறினார்.

அதன்பின் நான் கேரியர்ப் பித்தனாகிவிட்டேன். முகாமுக்கு வரும் எந்த வண்டியையும் அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியாது. கற்றவற்றுள் சிலவற்றை, ஜீப்புகளின் தலையில் கேரியர் ஏற்றும் வழக்கம் பெருகிவரும் நம் ஊர் இளைஞர்களுக்காகவேனும் இங்கே எழுதிவைக்க விழைகிறேன். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு மரையைக் கவ்விக்கொள்வதால் எளிதில் திரும்பாது. ஆனால் பலமுறை கழற்றி மாட்டினால் அவ்வளையம் தேய்ந்துவிடும், புதிதாக மாற்ற வேண்டும். மரையில் ஒரு துளி விட்டால் இறுகிப்போகும் திரவமும் உண்டு. அதைக் கண்டறிந்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர் என்பது நம் மலருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி: அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்து டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் கற்பித்த வெர்னான் கிரீபிள், 1953இல். காற்றுப் படும்வரை நீர்மமாகவே இருந்து, காற்றில்லாத மரை இடுக்கில் இரும்பைத் தொட்டதும் கெட்டியாகும் விந்தை அது. நான்கைந்து துளி போதும். சிலர் புட்டியையே கவிழ்க்கிறார்கள்.

கயிற்றைவிட நெம்பி இறுக்கும் நாடாப் பட்டை நல்லது. அதிலும் நைலான் பட்டை இழுபடும். பாலியெஸ்டர் பட்டை அவ்வளவு இழுபடாது. வெயில் பட்டுப்பட்டு வெளுத்த பட்டையைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். வண்ணம் போன இடத்தில் வலுவும் போயிருக்கும். பட்டையை இழுக்கும்போது நடுவில் ஒரு முறுக்குக் கொடுத்துவிட்டால் காற்றில் அது ரீங்கரிக்காது. இதை எனக்குச் சொல்லித்தந்தவர் பட்டாணிய லாரி ஓட்டுநர் ஒருவர். பட்டை குழாயின் கூர்முனையில் உரசினால் ஒரே நாளில் அறுந்துவிடும் என்பதை எவரும் சொல்லித்தரவில்லை. தானே அறுந்து கற்பித்தது.

எவ்வளவு ஏற்றலாம் என்னும் வினாவுக்கு வண்டியின் கையேட்டில் விடை இருக்கும், படிப்பவர் குறைவு. நின்றுகொண்டிருக்கும் வண்டியின் கூரை தாங்கும் எடை வேறு, ஓடும் வண்டியின் கூரை தாங்கும் எடை வேறு. புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு நின்ற நிலையில் 300 கிலோவும், ஓடும் நிலையில் 168 கிலோவும் எல்லை என்று தயாரிப்பாளர் அறிவித்தனர். கூரைமேல் கூடாரம் விரித்து இருவர் உறங்கலாம்; அவ்விருவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டலாகாது என்பது இதன் பொருள். சாலையை விட்டிறங்கினால் எல்லை இன்னும் குறையும். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி அதிரும் நொடியில், 100 கிலோச் சுமை இரண்டு மூன்று மடங்காகக் கால்களை அழுத்துகிறது. அந்த நொடியைத்தான் போல்ட்டு தாங்க வேண்டும்; நாம் தராசில் வைத்துப் பார்த்த எடையை அன்று. மழைநீர் மடிப்பு இல்லாத இக்கால வண்டிகளில் தயாரிப்பாளர் வைத்த துளைகளில் மட்டுமே காலைப் பூட்ட வேண்டும். கதவின் விளிம்பைக் கவ்வும் கொக்கிகளை நான் மணலுக்கு நம்புவதில்லை. இது என் தனிக்கருத்து, மறுப்போர் உண்டு.

இத்தனையும் செய்தாலும், புதிதாகப் பூட்டிய கேரியரை முதல் 50 கிலோமீட்டருக்குள் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். வண்ணப்பூச்சு நசுங்கி, கிளாம்பு தன் இடத்தில் அமர்ந்து, இறுக்கம் சற்றுக் குறைந்திருக்கும். பின்னர்ச் சாலையின் தன்மை மாறும் ஒவ்வோரிடத்திலும்.

பெரியவர் 2001இல் ஓய்வு பெற்றார். பிரிவுபசார நாளிலும் நான் வாய் திறக்கவில்லை. 2009இல், வேறு பணிக்காக அப்பகுதிக்குச் சென்றபோது, பிதியா வட்டாரத்தில் மணலும் பேரீச்சந்தோப்பும் கைகோக்கும் ஓரத்தில் இருந்த அவர் வீட்டைத் தேடிப் போனேன். பார்வை மங்கியிருந்தது. குரலால் என்னை அறிந்துகொண்டு, "வலதி" என்று இரு கைகளாலும் அணைத்தார். காவாவும் பேரீச்சம்பழமும் வந்தன. பதினோராண்டுச் சுமையை நான் மூன்று வாக்கியங்களில் இறக்கிவைத்தேன். அரபு மொழியில் அதற்கு மேல் எனக்குச் சொற்கள் இல்லை.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தெரியும்" என்றார்.

அன்று மாலையே தெரிந்திருக்கிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பியபின், வண்டியின் முன்பெட்டியைத் திறந்து ஸ்பேனர்ப் பொதியைப் பார்த்திருக்கிறார். "முடிச்சு என்னுடையது. அவிழவில்லை" என்றார்.

"பிறகு ஏன் அம்மி என்னைச் சொல்லவில்லை?"

"உன் கையில் கடிதம் இருந்தது. வீட்டுக் கடிதம் படிக்கிறவன் கண் வேறெங்கும் போகாது என்று எனக்குத் தெரியும். நானே மேலே ஏறிப் பார்த்திருக்க வேண்டும். உன்னைக் கேட்டது என் பிழை."

அரைத்திங்கள் ஊதியத்தை ஓர் உறையில் இட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதை அவர் தொடவில்லை. அந்தப் பையனுக்கு அனுப்பு என்றார். கோழிக்கோட்டில் சிறிய கடை வைத்திருந்த அவருக்கு அனுப்பினேன், உண்மையையும் எழுதினேன். பணம் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புச்சீட்டு மட்டும் வந்தது. கடிதத்திற்கு மறுமொழி இன்றுவரை வரவில்லை. அதைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

விடைபெற எழுந்தபோது பெரியவரும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். என் வண்டியின் கூரைமேல் கேரியர் இருந்தது. அவர் தடியைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, பின்சக்கரத்தின் மேல் கால் வைத்து, நாங்கள் தடுப்பதற்குள் எக்கி, குழாயைப் பற்றி ஒருமுறை உலுக்கினார். அது அசையவில்லை. பிறகு ஒவ்வொரு காலாக விரல் நுனியால் தடவிக்கொண்டே வந்தார். இடப்பக்கக் கடைசிக் காலில் விரல் நின்றது. அங்கே நான் இழுத்திருந்த கோடு வெயிலில் உரிந்துபோயிருந்தது.

"வண்ணம் வைத்திருக்கிறாயா?" என்று கேட்டார். இருக்கைக்கு அடியிலிருந்து சிறிய டப்பாவை எடுத்து அவர் கையிற் கொடுத்தேன்.